பெட்ரோல் விலையும் பழைய கான்டெஸாவும்: வைத்திருக்கும் செலவு வேறு, ஓட்டும் செலவு வேறு

சென்னைக்குத் தெற்கே உள்ள ஊரப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலை வழியாக ஒரு நடைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக மட்டும் 1,100 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. நகர நெரிசலில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கும் பழைய பெட்ரோல் கான்டெஸா காருக்கு இது 137.5 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் மாதம் 13,750 ரூபாய். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் சிறிய கார் ஒன்று அதே தூரத்தை 5,500 ரூபாயில் முடித்துவிடுகிறது. இடையில் நிற்கும் 8,250 ரூபாயைக் கண்டதும், "அந்த வண்டியைக் கொடுத்துட்டு சின்னதா ஒண்ணு எடுத்துடலாம்" என்ற பேச்சு எந்த வீட்டிலும் எழும். எங்கள் வீட்டிலும் எழுந்தது. அப்பா 1995இல் வாங்கிய அந்த வண்டியை விற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனம் வராததைக் கணக்கு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால், உட்கார்ந்து எண்களைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கின் விளக்கமே இக்கட்டுரை.

விலை ஏற்றம் எல்லா வண்டிகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால், மேலே சொன்ன பயணத்தில் சிறிய காருக்கு மாதம் 55 ரூபாய் கூடுகிறது. கான்டெஸாவுக்கு 137 ரூபாய் 50 காசு கூடுகிறது. 2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலையின் மீதான கட்டுப்பாட்டை நீக்கியது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாற்றியமைக்கப்படும் முறை வந்தது. 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னையில் 75 ரூபாயை ஒட்டியிருந்த பெட்ரோல், 2021 ஜூலையில் நூறைத் தாண்டியது. பதினான்கு மாதங்களில் ஏறிய அந்த 25 ரூபாய், தினமும் 50 கிலோமீட்டர் ஓடும் ஒரு கான்டெஸாக்காரரின் மாதச் செலவில் ஏறத்தாழ 3,400 ரூபாயைச் சேர்த்தது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஏற்றத்துக்குக் காரணம் கச்சா எண்ணெய் மட்டுமன்று. 2020இன் தொடக்கத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்தபோது, மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை இரண்டு தவணைகளில் லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியது. சரிவின் பயன் வரியாகக் கஜானாவுக்குப் போனது. பிறகு கச்சா எண்ணெய் ஏறியபோது, அந்த ஏற்றம் உயர்ந்த வரியின் மேல் வந்து அமர்ந்தது. 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் கலால் வரி குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 2021 ஆகஸ்டில் 13 விழுக்காடும் அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று மாற்றப்பட்டதால் விலை 3 ரூபாய் இறங்கியது. வரியின் பெரும்பகுதி இவ்வாறு லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக நிற்பதால், கச்சா எண்ணெய் பாதியாக இறங்கினாலும் பங்க்கில் விலை பாதியாக இறங்காது. எனவே அதிகம் குடிக்கும் வண்டியை வைத்திருப்பவர், விலை ஒருநாள் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் திட்டம் போடுவதற்கில்லை.

இந்த வண்டி ஏன் இவ்வளவு குடிக்கிறது என்பதற்கு வரலாறு உண்டு. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் தயாரித்த விக்டர் வரிசைக் காரின் உடலை எடுத்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 1984இல் கான்டெஸாவை உருவாக்கியது. தொடக்கத்தில் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின்தான். அகன்ற, கனத்த உடலை ஏறத்தாழ 50 குதிரைத் திறன் இழுக்கத் திணறியது. பின்னர் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1,817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபோதுதான் வண்டிக்கு உயிர் வந்தது. ஆனால் அதுவும், பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் கார்புரேட்டர் கொண்ட பழைய வகை எஞ்சின். இன்றைய எஞ்சின்களில் புகையை முகர்ந்து பார்க்கும் ஓர் உணரி நொடிக்குப் பலமுறை பெட்ரோலின் அளவைத் திருத்துகிறது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலை முற்றாக நிறுத்திவிடுகிறது. கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. மெக்கானிக் கடைசியாக எந்த அளவில் வைத்தாரோ அந்த அளவில், வெயிலானாலும் மழையானாலும், சிக்னலில் நின்றாலும் இறக்கத்தில் உருண்டாலும் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

நான் தினமும் கடக்கும் பெருங்களத்தூரிலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை அங்கேதான் இயங்கியது. பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் அழகான உடலுக்குள் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தி, ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் 1985இல் வெளியிட்டார்கள். மாருதி 800 சந்தைக்கு வந்து இரண்டாண்டுகூட ஆகாத நேரம் அது. விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம் என்ற பேச்சிலிருந்து அந்த வண்டியால் மீளவே முடியவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. இன்று அந்த நிலத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகம் நிற்கிறது. கான்டெஸா அதைவிட நெடுநாள் தாக்குப்பிடித்து, 2002இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

சரி, குடிப்பதைக் குறைக்க முடியுமா? முடியும். அதுவும் அதிகம் குடிக்கும் வண்டியில்தான் சிறு சீரமைப்புக்குப் பெரிய பலன் கிடைக்கிறது. மைலேஜை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிப் பழகியிருப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். 20 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை 25க்குக் கொண்டுவந்தால், 5 லிட்டர் 4 ஆகிறது. மிச்சம் ஒரு லிட்டர். 8 கொடுக்கும் வண்டியை 10க்குக் கொண்டுவந்தால், 12.5 லிட்டர் 10 ஆகிறது. மிச்சம் இரண்டரை லிட்டர். ஐந்து கிலோமீட்டர் முன்னேற்றத்தைவிட இரண்டு கிலோமீட்டர் முன்னேற்றம் இரண்டரை மடங்கு பணத்தைக் காப்பாற்றுகிறது. 1,100 கிலோமீட்டர் மாதப் பயணத்தில் இது 27.5 லிட்டர், அதாவது 2,750 ரூபாய். "இது எப்பவுமே இவ்வளவுதான் சார் கொடுக்கும்" என்று பழைய வண்டியைக் கைவிடுபவர்கள் இந்தத் தொகையைத்தான் மாதந்தோறும் கைவிடுகிறார்கள்.

முதலில் வண்டி உண்மையில் என்ன கொடுக்கிறது என்று தெரிய வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பங்க்கில் "ஐந்நூறுக்குப் போடுங்க" என்று ரூபாய்க் கணக்கில் போடுகிறோம். விலை ஏறினால் அதே ஐந்நூறுக்குக் குறைந்த லிட்டர் வருகிறது, வண்டி குடிப்பதும் தெரிவதில்லை, விலை தின்பதும் தெரிவதில்லை. டாங்கை நிரப்பி, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதே போல நிரப்பிப் பார்ப்பதே நம்பகமான வழி. நான் அப்படிப் பார்த்தபோது எங்கள் வண்டி 8கூடக் கொடுக்கவில்லை. 6.6 வந்தது.

அன்று மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். முனை கரி பிடித்து, பொடி போன்ற கறுப்பில் இருந்தது; விரலால் தேய்த்தால் கண் மை போல ஒட்டியது. எரிதல் சரியாக இருந்தால் அது பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கார்புரேட்டரைப் பிரித்தவர், பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஓட்டையைப் பெருசு பண்ணி வெச்சிருக்காங்க சார். பிக்கப் வரலைன்னு எப்பவோ யாரோ பண்ணது" என்றார். குறையோ வேறிடத்தில் இருந்தது. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டெல்கோவின் வேக்கம் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து போயிருந்ததால், எஞ்சினின் பாரத்துக்கு ஏற்பத் தீப்பொறியின் டைமிங் முன்னேறவில்லை. அந்த மந்தத்தைச் சரிசெய்ய யாரோ ஜெட்டைத் துளைத்துப் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்து மூடி மறைத்திருக்கிறார்கள். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றினால், ஒரு சுற்று முடிவதற்குள் உரசி நின்றது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஜெட்டும் டயஃப்ரமும் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் அலைந்து தேடிக் கிடைத்தன. மொத்தச் செலவு ஒரு மாதப் பெட்ரோல் காசுக்குள் அடங்கியது. அடுத்த டாங்க்கில் 8.3 வந்தது.

ஓட்டும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம் இந்த வண்டிக்கும் பொருந்தும். டயரில் காற்று, சிக்னலில் அணைப்பது, ஸ்டார்ட் செய்ய இழுத்த சோக்கை மறக்காமல் உள்ளே தள்ளுவது ஆகியவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை.

புதிதாக வந்திருக்கும் சிக்கல் எத்தனால் கலப்பு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பற்ற பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 விழுக்காடு எத்தனால் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையும் என்று 2021இல் நீதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. மாதம் 137 லிட்டர் போடும் வண்டிக்கு இது மேலும் ஒன்பது பத்து லிட்டர். எத்தனால் எரிவதற்குக் குறைந்த காற்றே போதும் என்பதால், சுத்தப் பெட்ரோலுக்குச் சரியாக வைக்கப்பட்ட கார்புரேட்டர் இப்போது பெட்ரோல் போதாமல் சூடாக ஓடும். எனவே ஜெட்டையும், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐட்லிங் அளவையும் இன்றைய பெட்ரோலுக்கு ஏற்றவாறு மறுபடி வைக்க வேண்டும். பழைய ரப்பர் டியூப்களையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் மெல்ல அரிக்கிறது. வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அதை மைலேஜ் பிரச்சினையாக நினைக்காதீர்கள், தீப்பிடிக்கும் பிரச்சினையாக நினையுங்கள். டியூப்களை மாற்ற ஆகும் சில நூறு ரூபாயில் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும் கான்டெஸா சிறிய காராகிவிடாது. ஆகவே விற்பதா வேண்டாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இங்கேதான் செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒன்று, வண்டி வாசலில் நிற்பதற்கே ஆகும் செலவு. மற்றொன்று, அது ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவு. பழைய வண்டியில் முதலாவது மிகக் குறைவு, இரண்டாவது மிக அதிகம். புதிய வண்டியில் இது தலைகீழ்.

எண்களைப் பாருங்கள். 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், வரி நீங்கலாக, ஆண்டுக்கு 7,897 ரூபாய். 15 ஆண்டைக் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. கேட்கும்போது மலைப்பாக இருந்தாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பதால் மாதத்துக்கு 167 ரூபாய்தான். இரண்டையும் சேர்த்து மாதம் 825 ரூபாய். எங்கள் வண்டிக்குப் பராமரிப்பு ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்குள் முடிகிறது. ஆக, ஒரு சொட்டுப் பெட்ரோல் போடாமல் வைத்திருக்க மாதம் ஏறத்தாழ 3,300 ரூபாய். இதற்கு மேல் வண்டி மதிப்பிழக்க எதுவும் மிச்சமில்லை, கடனும் இல்லை.

இப்போது புதிய சிறிய கார். ஐந்து லட்சம் கடனை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய். அதனால் மிச்சமாகும் பெட்ரோல் காசோ 8,250. தவணை கட்டும் ஐந்தாண்டும் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகிறது. முழுக் காப்பீடும் மதிப்புச் சரிவும் தனி. பெட்ரோல் மிச்சம் தவணைக்கு ஈடாக வேண்டுமென்றால் லிட்டர் விலை 126 ரூபாயை எட்ட வேண்டும். பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்பதற்காகப் புதுக் கார் வாங்குவது, பெரும்பாலானவர்களுக்குச் சிக்கனம் அன்று. எதிர்க்கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இரண்டு லட்சம் ரூபாயைக் கையிலிருந்து கொடுத்து நல்ல பழைய சிறிய கார் ஒன்றை வாங்குபவருக்கு, அந்தப் பணம் இரண்டே ஆண்டில் பெட்ரோல் மிச்சமாகத் திரும்பிவிடும். அந்த வழி நியாயமான வழியே. ஆனால் அதைவிட மலிவான ஒன்று, ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் நிற்கிறது.

சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டிகள் ஊரப்பாக்கத்தில் நின்று கிண்டிக்குப் போகின்றன. தாம்பரத்துக்கு அப்பால் வண்டிகள் குறைவு, காலை நெரிசல் கடுமை என்ற குறை உண்மைதான். ஆனால் சீசன் டிக்கெட் மாதத்துக்குச் சில நூறு ரூபாய். வாரம் ஒருநாள் மட்டும் கான்டெஸாவில் அலுவலகம் போய், மற்ற நாள்களில் ரயிலில் போனால், மாதத்தில் 200 கிலோமீட்டருக்கு 25 லிட்டர். ஞாயிற்றுக்கிழமைக் குடும்பப் பயணங்களுக்கு ஒரு 15 லிட்டர். மொத்தம் 4,000 ரூபாய். வைத்திருக்கும் செலவையும் சீசன் டிக்கெட்டையும் சேர்த்தால் 8,000 ரூபாய்க்குள் வருகிறது. தினமும் வண்டியிலேயே போனால், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தாலும் பெட்ரோலுக்கு மட்டுமே 13,750 போகும். வண்டியும் இருக்கிறது, அதில் அம்மாவை மருத்துவமனைக்குக் கால் நீட்டி உட்காரவைத்து அழைத்துப் போகவும் முடிகிறது. எங்களைத் திணறடித்தது வண்டியின் தாகத்தைவிட, தினசரி அலுவலகப் பயணத்தின் சுமையை அதன் மேல் ஏற்றியதுதான்.

ரயிலோ மெட்ரோவோ எட்டாத இடங்களில் வாழ்பவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது வண்டியின் அகலத்தைப் பயன்படுத்துங்கள் என்பதே. ஒரே வழியில் போகும் நால்வர் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு ஏறத்தாழ 3,440 ரூபாய். சிறிய காரில் தனியாகப் போவதைவிட இது குறைவு. ஆனால் வெள்ளை எண் பலகை கொண்ட சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவதாக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேஸ் கிட் பொருத்துவது இன்னொரு வழி. அதை ஆர்.சி.யில் பதிவுசெய்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். டிக்கியில் பாதி போய்விடும். கேஸ் பங்க்குகளும் குறைவு. தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குத் தவிர மற்றவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழம்பெருமை வாகனம் என்ற சலுகையை நம்பியும் பயனில்லை. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு 50 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். முதல் கான்டெஸாவே 2034இல்தான் அந்த வயதை எட்டும். எட்டினாலும் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை.

குறைவாக ஓட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நிற்கும் வண்டியின் டாங்க்கில் எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். சென்னையின் ஈரக்காற்றில் இது வெறும் பயமுறுத்தல் அன்று. டாங்கை முக்காலுக்குக் குறையாமல் வைத்து, வாரம் ஒருமுறையாவது எஞ்சின் முழுச் சூட்டை எட்டும்வரை ஓட்ட வேண்டும். வாசலில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது போதாது, அது பிளக்கில் கரியைத்தான் சேர்க்கும். அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, லாரிகள் பெருகுவதற்கு முன், செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி வரை போய்த் திரும்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். டாப் கியரில், 55ஐத் தாண்டாமல். சென்ற முறை டாங்க் நிரப்பிப் பார்த்து, அப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்தில் அவர் எழுத்துக்குக் கீழே குறித்துவைத்தேன்: 46 கிலோமீட்டர், 4.1 லிட்டர்.